அமெரிக்காவில் போலீஸ் சோதனைக்கான எல்லைகள் ஏன் போதைப்பொருள் வழக்குகளிலேயே முடிவாகின்றன?

அமெரிக்க அரசியலமைப்பின் 4ஆவது திருத்தம் நியாயமற்ற சோதனையைத் தடுக்கிறது. அதைப் பற்றிய பெரிய தீர்ப்புகளைப் புரட்டினால் கஞ்சாவும் கொகெய்னுமாகவே வருகிறதே, தற்செயலா என்று கேட்டிருக்கிறீர்கள். தற்செயல் இல்லை.

திருட்டு நடந்தால் பறிகொடுத்தவர் ஸ்டேஷனுக்கு வருவார். போதைப்பொருளை விற்றவரும் வரமாட்டார், வாங்கியவரும் வரமாட்டார். அதனால் போலீஸ்தான் வீடு, கார், பை என்று தேடிப் போகவேண்டும். அப்புறம், இந்த வழக்குகளில் பிடிபட்ட பொட்டலம்தான் வழக்கே. சட்டத்தை மீறி எடுத்த பொருளைச் சாட்சியமாக வைக்க முடியாது என்ற விதி 1961 முதல் மாநில நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. சோதனை செல்லாது என்றால் வழக்கே படுத்துவிடும். வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான்.

வீடு என்று வந்தால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் உறுதியாக நின்றிருக்கிறது. 1948இலேயே, சியாட்டில் ஹோட்டல் அறை ஒன்றிலிருந்து அபின் புகை வாடை வந்தது என்று அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் உள்ளே போனதை ஏற்கவில்லை. வாடை போதுமா என்பதை மாஜிஸ்திரேட்தான் முடிவு செய்யவேண்டும், குற்றவாளியைப் பிடிக்கும் வேகத்தில் இருக்கும் அதிகாரி அல்ல என்றது.

எனக்கு மிகவும் பிடித்தது 2001ஆம் ஆண்டின் கைலோ வழக்கு. 1992 ஜனவரியில், ஒரிகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் ஊரில், விடியுமுன் அதிகாரிகள் தெருவில் காரை நிறுத்திவிட்டு, வெப்பத்தைக் காட்டும் கருவியை ஒரு வீட்டின் மேல் திருப்பினார்கள். கராஜின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்ற இடங்களைவிடச் சூடாகத் தெரிந்தன. உள்ளே கஞ்சாச் செடி வளர்க்கும் விளக்குகள். யாரும் வாசற்படி தாண்டவில்லை. ஆனாலும் அது சோதனைதான், வாரண்ட் வேண்டும் என்று 5-4 கணக்கில் தீர்ப்பு. வீட்டுப் பெண் இரவில் எந்நேரம் குளிக்கிறார் என்பதைக்கூட இந்தக் கருவி காட்டிவிடலாம் என்று எழுதினார் நீதிபதி ஸ்காலியா. கஞ்சா வளர்த்தவரின் வழக்கில் எல்லோருடைய சுவரையும் காப்பாற்றிய தீர்ப்பு அது. 2013இல், மோப்ப நாயை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனதும் சோதனைதான் என்றார்கள்.

கார் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 1996இல் தீர்ப்பான ஒரு வழக்கில், வாஷிங்டன் நகரில் சாதாரண உடையில் இருந்த போலீஸார், இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய வண்டியை நிறுத்தி போதைப்பொருளைக் கண்டெடுத்தார்கள். போக்குவரத்து விதிமீறல் ஒன்று இருந்தால் போதும், போலீஸின் உள்நோக்கம் என்ன என்று பார்க்கத் தேவையில்லை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். விதி எதையும் மீறாமல் நாள் முழுக்க ஓட்டக்கூடியவர் யார்? போலீஸுக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவரை நிறுத்த ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. 2005இல், நிறுத்திய காரைச் சுற்றி மோப்ப நாயை விடுவது சோதனையே அல்ல என்றும் ஆனது. அரசியலமைப்பில் போதைப்பொருளுக்கென்று விதிவிலக்கு கிடையாது என்று நீதிபதி மார்ஷல் 1989இலேயே ஒரு மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்திருந்தார். சாலையில் அந்த விதிவிலக்கு நடைமுறையில் வந்தேவிட்டது என்பது என் கருத்து.

2015இல் ரோட்ரிகஸ் வழக்கில் கொஞ்சம் திருத்திக்கொண்டார்கள். நெப்ராஸ்காவில் சாலையோரத்தில் ஏறி ஓட்டியதற்காக ஒருவரை நிறுத்தி, எச்சரிக்கைச் சீட்டும் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகும், இன்னொரு போலீஸ்காரர் வந்து சேர்ந்து நாயை விடும்வரை ஏழெட்டு நிமிடம் பிடித்து வைத்திருந்தார்கள். வேறு சந்தேகம் எதுவும் இல்லாமல், சீட்டு வேலை முடிந்தபின் நிறுத்தி வைப்பது தவறு என்றது நீதிமன்றம். ஆனால் வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது, அன்றிருந்த தீர்ப்புகளை நம்பித்தான் போலீஸ் அப்படிச் செய்தது என்று சொல்லி, பிடிபட்ட மெத்தம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் விதியை வாங்கிக்கொடுத்தவருக்குத் தண்டனை அப்படியே நின்றது.