நாய் வெளிய தேங்கிக் கிடக்கிற தண்ணிய குடிச்சா ஆபத்தா?

நீங்க கேட்டிருக்கிறது இதுதான்: ஒன்றரை வயசு நாய், வீட்டுல பவுல்ல வெக்கிற தண்ணிய சீண்டுறதே இல்ல, வாக்கிங் போனா மட்டும் எங்க குட்டையா தேங்கி நின்னாலும் நேரா போய் நக்குது, தெரு நாய்ங்க இதத்தானே குடிச்சு வாழுதுங்க, நம்ம நாய்க்கு மட்டும் என்ன ஆகிடப் போகுதுன்னு.

பாதுகாப்பு இல்லைங்க. அதுக்காக ஒரு வாய் நக்கிடுச்சுன்னு அர்த்த ராத்திரியில தூக்கிட்டு ஓடணும்னும் இல்ல, ரெண்டு விஷயத்த தவிர, அத கீழ சொல்றேன்.

தெரு நாய் கதைய முதல்ல முடிச்சிடுவோம். நம்ம கண்ணுல படுற தெரு நாய் எல்லாம் பொழச்சு நிக்கிற நாய். வயித்தால போயே செத்த குட்டிங்க யார் கணக்குலயும் வராது. பொழச்சதுங்க வயித்துக்குள்ள என்னென்ன குடியிருக்குன்னும் யாரும் டெஸ்ட் எடுத்துப் பாக்கப் போறதில்ல. நானும் ஒரு காலத்துல இதே டயலாக்க எல்லார்கிட்டயும் அடிச்சு விட்டவன்தான்.

எங்க நாய் கருப்பிக்கு ஒரு தடவ மூணு வாரமா வயிறு சரியில்ல. பேதின்னு முழுசா சொல்லவும் முடியாது, ரெண்டு நாள் கொழகொழன்னு சளி மாதிரி போவா, நாத்தம் தாங்காது, மூணாவது நாள் நல்லா இருப்பா, விளையாடுவா, சரி போச்சுன்னு நெனச்சா மறுபடி ஆரம்பிக்கும். நாங்க சாப்பாட மாத்தினோம், அப்புறம் அதையும் மாத்தினோம், மோஷன் டெஸ்ட் குடுத்தோம், ஒண்ணுமே இல்லன்னு வந்துச்சு. கடைசியா டாக்டர்தான் வெளிய எங்கயாவது தண்ணி குடிக்கிறாளான்னு கேட்டார், நான் இல்லவே இல்லன்னு அடிச்சு சொல்றேன், பக்கத்துல நின்ன என் பையன் மெதுவா, கிரவுண்டுக்குப் பின்னாடி ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கு, மழைத் தண்ணி நிக்கும், பந்து எடுக்கப் போகும்போதெல்லாம் அதுலதான் குடிப்பாங்கறான்.

ஜியார்டியா. இந்தக் கிருமி மலத்துல தெனமும் வெளிய வராது, விட்டு விட்டுதான் வரும், அதனால ஒரு சாம்பிள்ல சிக்கலன்னா இல்லன்னு அர்த்தம் கிடையாது. மூணு நாள் சாம்பிள் சேத்து குடுத்தப்பதான் மாட்டுச்சு. மருந்து அஞ்சு நாள், அது ஒண்ணும் கஷ்டமில்ல, ஆனா கடைசி நாள் நல்லா சோப்பு போட்டுக் குளிப்பாட்டுங்க, முக்கியமா பின்பக்கம்னு சொன்னார். அந்தக் கிருமியோட முட்டை மாதிரியான கூடு முடியில ஒட்டிட்டு இருக்குமாம், அத அவளே நக்கி மறுபடி உள்ள அனுப்பிப்பா. இது தெரியாமத்தான் நெறைய பேர் மருந்து வேலை செய்யலன்னு மாத்திட்டே இருக்காங்க.

இருந்தாலும் ஜியார்டியா தொல்லைதான், பெருசா உயிர எடுக்காது. நான் நிஜமா பயப்படுறது எலிக்காய்ச்சலுக்கு, லெப்டோஸ்பைரோசிஸ்னு சொல்வாங்க. எலி, பெருச்சாளி, மாடு, பன்னி, வேற நாய், இதுல எதோட மூத்திரம் வேணாலும் மழையில அடிச்சுட்டு வந்து குட்டையில சேரும். வெதுவெதுன்னு, அசையாம நிக்கிற தண்ணின்னா அந்தக் கிருமி வாரக்கணக்குல உயிரோட இருக்கும், காஞ்சு போனா செத்துடும். இதுல கொடுமை என்னன்னா அந்தத் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாவும் இருக்கலாம், நம்ம என்னமோ சேறு கலங்கின தண்ணியப் பாத்துதான் ச்சீன்னு இழுப்போம், தெளிஞ்சு நின்னா பாவம் தாகத்துல குடிக்கட்டும்னு விட்டுடுவோம். அழுக்கு முக்கியம் இல்லைங்க, அதுல எது மூத்திரம் பெஞ்சிருக்கு, எத்தனை நாளா அப்படியே நிக்குதுங்கறதுதான் முக்கியம்.

இன்னொண்ணு, லெப்டோ வாய் வழியா மட்டும் வராது. பாதத்துல சின்ன வெட்டு, சிராய்ப்பு, கண்ணு, மூக்கு இது வழியாவும் போகும். அதனால குடிக்காம தடுத்துட்டேன், சும்மா நடந்துதான் போச்சுன்னாலும் முழு நிம்மதி கிடையாது. காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டத் திரும்பிப் பாக்காம ஒரு மூலையில போய்ப் படுக்கிறது, உடம்பத் தொட்டா வலியில சிணுங்குறது, திடீர்னு தண்ணியா குடிச்சு ஒண்ணுக்கா போறது, கண்ணு மஞ்சளாகுறது, இதெல்லாம் வந்தா காத்திருக்காதீங்க, கிட்னியும் லிவரும் போற வியாதி. சீக்கிரம் புடிச்சா ஆன்டிபயாடிக் கேக்கும். மனுஷனுக்கும் ஒட்டும், அதனால அந்த சமயத்துல நாய் மூத்திரத்த கிளவுஸ் இல்லாம தொடைக்க வேணாம்.

இதுக்கு ஊசி இருக்கு. முதல் தடவ ரெண்டு டோஸ், சில வாரம் இடைவெளி விட்டு, அப்புறம் வருஷா வருஷம். ஆனா எல்லா கூட்டு ஊசியிலயும் லெப்டோ சேந்து வராது, அதனால "எல்லா ஊசியும் போட்டாச்சு"ன்னு நம்பாம புக்க எடுத்து லெப்டோன்னு போட்டிருக்கான்னு நீங்களே பாருங்க. ஊசி போட்டாலும் எல்லா வகையையும் தடுத்துடாது, சில வகைக்குத்தான். வெளிய சுத்துற நாய்க்கு என்னைக் கேட்டா இது கட்டாயம்.

இப்ப அந்த ரெண்டு விஷயம். இதுல காலைல பாத்துக்கலாம்னு தூங்கக் கூடாது.

ஒண்ணு, குளம் குட்டையில மேல பச்சை பெயிண்ட கொட்டின மாதிரி படலம். நீலப்பச்சைப் பாசின்னு பேரு, நெஜத்துல பாசி இல்ல, ஒரு வகை பாக்டீரியா. வெயில் நல்லா அடிச்சு, காத்து இல்லாம, வயல் உரம் சாக்கடைன்னு வந்து கலக்குற தண்ணியில திடீர்னு பெருகும். சில சமயம் பழுப்பாவும் இருக்கும். ஒரு குச்சிய விட்டுத் தூக்கிப் பாத்தா சாதாரணப் பாசி முடி மாதிரி இழை இழையா தொங்கும், இது பெயிண்ட் மாதிரி ஒட்டிட்டு வரும். சந்தேகம்னா எதுவா இருந்தாலும் நாய கிட்டயே விடாதீங்க, குச்சி டெஸ்ட் ஒண்ணும் சர்டிஃபிகேட் இல்ல. இதோட விஷம் சிலது லிவர அடிக்கும், சிலது நரம்ப அடிக்கும், நரம்ப அடிச்சா நிமிஷக் கணக்குல உதறல், தள்ளாட்டம், ஃபிட்ஸ் வரும். மாத்து மருந்து கிடையாது. குடிக்கலன்னாலும் அதுல குதிச்சு வந்தா உடனே நல்ல தண்ணியில அலசி விடுங்க, இல்லன்னா முடிய நக்கியே உள்ள போயிடும்.

ரெண்டாவது வண்டி நிக்கிற இடத்துத் தண்ணி. என்ஜின் சூடாகாம இருக்க ஊத்துற கூலன்ட் ஒழுகி குட்டையில கலந்திருக்கும், நெறைய கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் இனிப்பா இருக்கும், நாய் ஆசையா குடிக்கும். கொஞ்ச நேரத்துல குடிச்சவன் மாதிரி தள்ளாடும், அப்புறம் தெளிஞ்ச மாதிரி இருக்கும், அப்பாடான்னு விட்டுடுவோம், ஆனா அந்த நேரத்துலதான் உள்ள கிட்னி போயிட்டு இருக்கும். இதுக்கு மாத்து மருந்து இருக்கு, ஆனா முதல் சில மணி நேரத்துக்குள்ள போனாத்தான் பலன். சந்தேகம் வந்தாலே கெளம்பிடுங்க, வீட்டுல உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்கிற வேலையெல்லாம் வேணாம்.

கொசுப் புழு இருந்த தண்ணிய குடிச்சுடுச்சு, ஹார்ட்வார்ம், அதான் இதயத்துல வளர்ற புழு, வந்துடுமான்னு நெறைய பேர் கேப்பாங்க. வராது. அது கொசு கடிச்சாத்தான் வரும். ஆனா அதே தண்ணியில பொறக்கிற கொசுதான் நாளைக்கு கடிக்கப் போகுது, அதனால உங்க வீட்டுத் தொட்டிய கவுத்து வைங்க. பூச்செடிக்கு அடியில வெக்கிற தட்டு நம்ம கண்ணுல படவே படாது, உரம், பூச்சி மருந்து எல்லாம் வடிஞ்சு அங்கதான் நிக்கும்.

சரி, வீட்டுத் தண்ணிய ஏன் தொட மாட்டேங்குது? எங்க வீட்டுல காரணம் பிளாஸ்டிக் பவுல். விரல வெச்சுப் பாத்தேன், உள்பக்கம் வழவழன்னு ஒரு படலம், நாங்க தண்ணிய மட்டும் மாத்திட்டு இருந்திருக்கோம், பவுல தேய்க்கவே இல்ல. ஸ்டீல் பவுல் வாங்கி தெனமும் தேச்சு, சோப்பு வாசம் போக அலசி, வீட்டுல ரெண்டு இடத்துல வெச்சோம். கெளம்பறதுக்கு முன்னாடி குடிக்க வெச்சு, கையில ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போனோம், குட்டைகிட்ட போனா "விடு"ன்னு சொல்லி, விட்டுட்டு வந்தா பாட்டில் தண்ணி. ஒரு மாசம் போல ஆச்சு. இப்ப பத்துல எட்டு தடவ கேப்பா, மழை பெஞ்சு முடிஞ்ச ஒடனே மட்டும் காது கேக்காது.

அந்த ரெண்டு தடவைக்குத்தான் கடைசியா ஒண்ணு சொல்றேன். குடிச்சுடுச்சுன்னா திட்டாதீங்க, போன்ல தேதியும் இடமும் போட்டு வைங்க. ஜியார்டியாவோ லெப்டோவோ அன்னைக்கே தெரியாது, பல நாள் கழிச்சு, சில சமயம் ரெண்டு வாரம் கழிச்சுகூட தலை தூக்கும், அப்ப உங்களுக்கு அந்தக் குட்டை ஞாபகத்துலயே இருக்காது, நேத்து போட்ட சாப்பாட்டத்தான் குத்தம் சொல்வீங்க, நாங்க மூணு வாரம் அதத்தான் பண்ணோம். என் போன் காலண்டர்ல "தொட்டித் தண்ணி, ரெண்டு வாய்"னு எல்லாம் இருக்கும், பாக்கிறவங்க சிரிப்பாங்க, ஆனா டாக்டர் கேக்கிற முதல் கேள்விக்கு இப்பல்லாம் என் பையன எதிர்பார்த்து நிக்கிறதில்ல.