மெய்யியல் படித்தால் வாத்தியார் வேலை மட்டும்தானா?

பாடத்தை மாற்ற வேண்டாம், தங்கச்சி. பேராதனையில் மெய்யியல் சிறப்புப் பட்டம் எடுத்தால் வாத்தியார் வேலையை விட்டால் வேறு கதியில்லை என்று ஹட்டனில் உங்கள் மாமா சொன்னது பாதிதான் சரி. இலங்கை நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் தோற்றலாம்.

அந்த வாத்தியார் வேலையும் கிடைக்காது என்று மாமா பயந்திருந்தால், காரணம் அனேகமாகப் பெயர்க் குழப்பம். ஆசிரியர் வெற்றிடப் பட்டியலில் ‘மெய்யியல்’ என்று தேடியிருப்பார். உயர்தரத்தில் அந்தப் பெயரில் பாடமில்லை, இருப்பதோ ‘அளவையியலும் (தர்க்கம்) விஞ்ஞான முறையும்’.

வெள்ளிக்கிழமை அரசாங்க வர்த்தமானியில் பட்டதாரிகளைக் கேட்கும் அறிவித்தல்கள் இரண்டு மூன்றை எடுத்து, கல்வித் தகைமைப் பகுதியை மட்டும் வாசியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம் என்று மட்டும் இருந்தால் உங்களுக்கும் இடமுண்டு. பாடப் பெயர் போட்டிருந்தால் அது வேறு கதை. வயதெல்லையையும் பாருங்கள். பொதுப் பட்டம் 3 வருடம், சிறப்புப் பட்டம் 4 என்பதால் ஒரு வயது கூடிவிடும்.

நானும் அதே துறைதான். முதல் வருடம் அளவையியலில், கூற்றுகள் உண்மையா பொய்யா என்று வரிவரியாகப் பார்க்கும் உண்மை அட்டவணைக்கு அடிமட்டத்தை வைத்துக் கோடு போட்டே கை வலித்தது. மூன்று எடுப்பென்றால் (கூற்று) 8 வரி, நான்கென்றால் 16, ஒரு வரி பிசகினால் எல்லாம் போச்சு. பிறகு போட்டிப் பரீட்சையின் நுண்ணறிவு வினாத்தாளில் பேனை தானாக ஓடியது.

ஒன்று மட்டும் கவனம். தமிழில் எழுதலாம்தான், ஆனால் வாசிக்க வேண்டியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தை முதல் வருடமே பிடித்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் வருடம் மூச்சு முட்டும்.