பல் வைத்தியத்துக்குக் காசு: நகையை அடகு வைக்க முன் கேட்க வேண்டியவை

கேள்வி: ஹட்டனில் புடவைக் கடையொன்றில் வேலை செய்கிறேன். வயது 24. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் இரவில் தூங்க விடாமல் வலிக்கிறது. தனியார் கிளினிக்கில் நரம்பு வைத்தியம் (ரூட் கனால்) செய்து கிரவுன் (பல்லை மூடும் உறை) போட 60,000 ரூபாய் என்கிறார்கள். கையில் அவ்வளவு இல்லை. நகையை அடகு வைப்பதா, பல்லைப் பிடுங்கிவிடுவதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால், அந்த 60,000க்குள் என்னென்ன அடங்குகிறது என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொல்லும் தொகையில்தான் பின்னால் பிரச்சினை வருகிறது. தாளில் பல்லின் இலக்கம் இருக்க வேண்டும். வலது கீழ்ப்பக்கம் 4 என்றும், முன்பல் நடுவிலிருந்து எண்ணி ஆறாவது பல் 6 என்றும் கொண்டு, முதல் பெரிய கடைவாய்ப்பல்லை 46 என்று எழுதுவார்கள். இலக்கம் இருந்தால் இன்னொரு கிளினிக்கில் அதே வேலைக்கு விலை கேட்டு ஒப்பிடலாம்.

அந்தப் பல்லில் பொதுவாக 3 வேர்க்கால்வாய் (வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்) இருக்கும், சிலருக்கு 4. நாலாவது கிடைத்தால் விலை ஏறுமா என்று கேளுங்கள். எக்ஸ்ரே, வைத்தியர் பார்க்கும் கட்டணம், நிரந்தர அடைப்பு ஆகியவை சேர்ந்ததா, தனியா? கிரவுன் உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதா, சிர்கோனியாவா (உலோகம் சேராத, உறுதியான வெள்ளைப் பீங்கான் வகை)? விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். கடைவாய்ப்பல் சிரிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஆகவே உலோகம் சேர்ந்த கிரவுன் போதுமா என்று தயங்காமல் கேட்கலாம்.

காசை வீணாக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் தடவை நரம்பை எடுத்து மருந்து வைத்தவுடன் வலி நின்றுவிடும். "இனி சம்பளம் வந்த பிறகு பார்ப்போம்" என்று பலர் போகாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அப்போது போட்டிருப்பது தற்காலிக அடைப்பு. சில வாரங்களில் அது தேய்ந்து எச்சில் உள்ளே போகும், கிருமியும் போகும், முழு வேலையையும் திரும்பச் செய்ய நேரும். நரம்பெடுத்த பல் உள்ளே குடையப்பட்டு சுவர் மெலிந்திருப்பதால், மூடாமல் கடித்தால் நெடுக்காகப் பிளக்கும். பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அதனால் கட்டணத்தைப் பிரிப்பதென்றால் சரியான இடத்தில் பிரியுங்கள்: கால்வாய்களை நிரப்பி, நிரந்தர அடைப்புப் போடும் வரைக்கும் ஒரு தொகை. அதன் பின் கிரவுனை எத்தனை வாரம் தள்ளலாம் என்று வைத்தியரிடமே கேட்டு, அந்தக் காலத்துக்குள் மற்றத் தொகை.

அதற்கும் முன்னால் இலவச வழியைப் பாருங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் காலையிலேயே போய் இலக்கம் எடுங்கள். பல்லைக் காப்பாற்ற விரும்புவதாக முதலிலேயே சொல்லுங்கள். கடைவாய்ப்பல் நரம்பு வைத்தியம் அங்கே இல்லையென்றால், பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகும் கண்டி பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போகும். அங்கே மாணவர்கள் விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் வைத்தியம் செய்வதால் காசு மிச்சம், ஆனால் நாள் அதிகம் போகும். வேலை நாளும் பஸ் காசும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, ஒரு வருட சேவை முடித்தவருக்கு ஆண்டுக்கு 7 நாள் அமைய லீவும் 14 நாள் வருடாந்த லீவும் உண்டு.

பிடுங்குவது இன்றைக்கு மலிவு. ஆனால் பக்கத்துப் பல் வெற்றிடத்தில் சாயும், மேல்பல் கீழிறங்கும். பின்னால் அந்த இடத்தை நிரப்ப பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் உறை மாட்டி நடுவில் தாங்கும் செயற்கைப் பல்) கட்டினால், இரு பக்கத்துப் பற்களும் சேர்ந்து மூன்று பல்லின் விலை. வைத்தியர் "காப்பாற்ற முடியாது" என்றால் பிடுங்குங்கள். காசுக்காக மட்டும் பிடுங்காதீர்கள்.

தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் விலை ஒப்பிடும் நேரமல்ல அது. உடனே அரச வைத்தியசாலை. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம்.

கேள்வி: கிளினிக்கில் "கிரெடிட் கார்ட் இருந்தால் 12 மாதம், வட்டியில்லை" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வட்டி இல்லாவிட்டாலும் கையாளுகைக் கட்டணம் இருக்கலாம். 60,000க்கு அது 8% என்று வைத்தால் 4,800 ரூபாய், அப்போது மாதத் தவணை 5,000 அல்ல, 5,400. சதவீதத்தை வங்கியிடமே கேளுங்கள். கார்டை இழுத்தால் மட்டும் தவணையாக மாறிவிடாது. பல வங்கிகளில், குறித்த நாட்களுக்குள் நீங்களே அழைத்து மாற்றச் சொல்ல வேண்டும். மறந்தால் முழுத்தொகையும் அந்த மாத பில்லில் வரும், கட்டாத மிச்சத்துக்கு கார்ட் வட்டி ஓடும். கார்டில் கட்டினால் 2.5% அல்லது 3% கூட என்று கேட்டால் கொடுக்காதீர்கள். வியாபாரி அப்படி அறவிட அனுமதியில்லை என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. ரசீதோடு, கார்ட் தந்த வங்கியில் முறையிடுங்கள்.

கார்ட் இல்லாதவர்களுக்கு: வாராவாரம் அறவிடும் நுண்கடனை விட வங்கியில் சிறு நகையொன்றை அடகு வைப்பது மேல். தேவையான தொகைக்கு மட்டும் வையுங்கள். ஏலத்துக்குப் போகும் திகதியையும், இடையிடையே பகுதியாகக் கட்டலாமா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். லயத்தில் சீட்டுப் பிடிக்கிறீர்கள் என்றால், கிரவுன் போடும் மாதத்துக்கு உங்கள் முறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் மலிவான கடன்.

கேள்வி: டவுனில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் "கழற்றாத பல்" கட்டித் தருகிறாராம். பாதி விலைதான்.

பதில்: வேண்டாம். இப்படிக் கட்டுவது பெரும்பாலும் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவைக்கும் அக்ரிலிக் (ஒருவகைப் பிளாஸ்டிக்). அதன் கீழே பிரஷ் போகாது, சாப்பாடு தங்கி முரசு வீங்கும், நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். பல் செட் செய்யும் தொழிலாளி வேறு, பல் வைத்தியர் வேறு. பல் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவிலக்கத்தைக் கேட்டு, சபையின் இணையத்தளத்தில் பெயரோடு ஒத்துப்பாருங்கள். இலக்கம் சொல்லத் தயங்கினால் அந்தக் கதிரையில் உட்கார வேண்டாம்.