உகந்தைக்கு சைக்கிளில் போகிறோம்: சாமான்களை எதில், எங்கே கட்டுவது?

கேள்வி: நானும் மச்சானும் ஆனி மாதம் களுவாஞ்சிகுடியில் இருந்து உகந்தை முருகன் கோவில் வரை சைக்கிளில் போக இருக்கிறோம். வழியில் இரண்டு இரவு வெளியில் தங்க யோசனை. கோமாரிப் பக்கம் மணல் பாதை, சாகாமம் குளக்கட்டு, பாணமைக்கு அப்பால் கிரவல் றோட்டு எல்லாம் ஓட ஆசை. என்னிடம் இருப்பது முன்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள 26 அங்குல மவுண்டன் சைக்கிள். சீற் கம்பியில் இறுக்கும் கரியர் ஒன்றும் போட்டிருக்கிறேன். ஒன்லைனில் பைக்பேக்கிங் (சைக்கிளில் சாமான் கட்டிப் போகும் பயணம்) பை செட் பார்த்தேன். சைக்கிள் விலையில் பாதிக்கு மேல் வருகிறது. அது கட்டாயம் வேண்டுமா அண்ணா? கூடாரத்தை எங்கே கட்டுவது?

பதில்: தம்பி, முதலில் அந்தக் கரியரைக் கழற்றுங்கள். தார் றோட்டில் கடைக்குப் போய்வர அது போதும். கிரவலில் ஒரே ஒரு பிடியில் தொங்கும் கரியர் இடமும் வலமுமாக ஆடும். ஆட ஆட பிடி தளரும், தளரத் தளர இன்னும் ஆடும். பெரும்பாலானவற்றில் 10 கிலோ என்று போட்டிருப்பார்கள். அது சமதரைக் கணக்கு. பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது அதே 10 கிலோ பல மடங்காக அடிக்கும்.

மண் றோட்டுப் பயணத்துக்கு என்ன வாங்குவது என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஆட்டத்தைத்தான். இறுக்கமாக இருக்கும் 12 கிலோவோடு நாள் முழுக்க ஓடலாம். ஆடுகிற 6 கிலோ மத்தியானத்துக்குள் கையையும் இடுப்பையும் முறித்துவிடும், போல்ட்டையும் உடைக்கும். எனக்கு உடைந்திருக்கிறது. பாணமை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் கரியரின் கீழ்க் கால் கழன்று சக்கரத்தில் உரசியது. இறங்கிப் பார்த்தால் போல்ட்டின் தலை இல்லை, மீதி துண்டு பிரேமுக்குள்ளேயே நிற்கிறது. பழைய ரியூபைக் கிழித்து வாராகச் சுற்றிக் கட்டி, சாமானில் பாதியை முதுகில் போட்டுக்கொண்டு உகந்தை போய்ச் சேர்ந்தேன். அந்த போல்ட் தளர்ந்திருந்ததைக் காலையில் ஒரு நிமிடம் கைவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, பை செட் கட்டாயமா? இல்லை. ஆனால் அந்தப் பைகள் ஏன் அப்படித் தைக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பாரம் சைக்கிளின் நடுக்கோட்டை விட்டு வெளியே போகக்கூடாது, பிரேமோடு ஒட்டி இருக்க வேண்டும். இதுதான் அதன் சூத்திரம். இரண்டு பக்கமும் தொங்கும் பெரிய பைகள் நீண்ட தார் றோட்டுக்கு அருமையானவை. ஒற்றையடிப் பாதையில் அவை பற்றையில் சிக்கும். ஆனியில் நீங்கள் தெற்கே போகும்போது கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அகலமான பை அந்தக் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி.

காசு செலவழிப்பதென்றால் பிரேமின் முக்கோணத்துக்குள் வைக்கும் பைக்குச் செலவழியுங்கள். அதையும் இங்கேயே தைக்கலாம். கார்ட்போட் அட்டை ஒன்றை எடுத்து, பிரேமுக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டுங்கள். எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் குறைத்து வெட்டுவது நல்லது, பை நிறைந்தால் வீங்கும். பெடல் மிதிக்கும்போது முழங்கால் உரசாதபடி பையின் தடிப்பை நான்கு விரலோடு நிறுத்துங்கள். அந்த அட்டையைக் கொண்டுபோய் ஓட்டோ சீற் தைக்கும் கடையில் கொடுங்கள். சாதாரணத் தையல் மெஷினில் தடித்த துணி ஓடாது, அவர்களிடம் அதற்கான மெஷினும் நூலும் இருக்கும். தறப்பாள் துணி, மேலே மூன்று, முன்னும் பின்னும் ஒவ்வொரு வெல்குரோ பட்டி, ஒரு பெரிய சிப். தண்ணீர், திருத்தும் கருவிகள், பம்ப், அரிசி என்று கனமான எல்லாம் இதற்குள். கனம் கீழேயும் நடுவிலும் இருந்தால்தான் மணலில் சைக்கிள் சொன்னபடி கேட்கும்.

கூடாரத்தை ஹாண்டிலில் கட்டுங்கள். கம்பிகளைத் தனியாக எடுத்துப் பிரேமின் மேல் குழாயோடு கட்டிவிட்டால் துணி சின்ன உருளையாகிவிடும். ஹாண்டிலுக்கும் உருளைக்கும் இடையில் இரண்டு மரத்துண்டோ, தடித்த ரப்பர் துண்டோ வைத்து இறுக்குங்கள்; இல்லையென்றால் பிரேக் கேபிள் நசுங்கும். இன்னொன்று: உங்களுடையது சஸ்பென்ஷன் முன்சக்கரம். அது அமுங்கும்போது உருளை ரயரில் படுகிறதா என்று முழு எடையையும் ஹாண்டிலில் போட்டு அழுத்திப் பாருங்கள். இங்கே 3 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

பின்பக்கத்துக்கு, பிரேமில் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் போல்ட் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நாலு இடத்தில் பிடிக்கும் இரும்புக் கரியர் போடுங்கள். அலுமினியம் இலேசுதான், ஆனால் உடைந்தால் சந்தியில் இருக்கும் வெல்டிங் கடையில் ஒட்டித் தரமாட்டார்கள். இரும்பை எங்கும் ஒட்டலாம். துளை இல்லையென்றால் கரியரையே மறந்துவிட்டு, உடுப்பு, போர்வை போன்ற இலேசான சாமான்களை நீட்டாகச் சுற்றி சீற்றுக்குக் கீழே கட்டுங்கள்.

கட்டுவதற்குக் கயிறு வேண்டாம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து விறகு ஏற்றிவரும் ஐயாமாரைக் கவனித்திருப்பீர்கள். ஆள் உயரத்துக்கு விறகு, லுமாலா சைக்கிள், குழியும் மேடுமான பாதை. ஒரு கொள்ளி நழுவாது. அவர்கள் பழைய ரியூபை நீளமாக வெட்டி, முழுப் பலத்தோடு இழுத்துக் கட்டுவார்கள். முதல் சுற்று கரியருக்கு அடியால் வரும், அடுத்தது விறகுக்கு மேலால் குறுக்கே போகும், கடைசி வார் சீற் கம்பியைச் சுற்றிப் பிடிக்கும். குலுங்கும்போது சாமான் கொஞ்சம் அமர்ந்துவிடும். கயிறு அந்த இடத்தில் தொளதொளத்துப் போகும், ரப்பர் தானாகச் சுருங்கித் தொடர்ந்து இறுக்கும். சைக்கிள் திருத்தும் கடையில் கேட்டால் பழைய ரியூபைச் சும்மாவே தருவார்கள். நாலைந்து வார் வெட்டிக்கொள்ளுங்கள்.

மழை நனையாத பைக்கு உரப்பை போதும். உள்ளே தடித்த பொலித்தீன் பை, வாயை மூன்று தரம் மடித்துக் கட்ட வேண்டும். ஆனியில் நமக்குப் பெரிய மழை இல்லை. இந்தப் பாதுகாப்பு வியர்வைக்கும் புழுதிக்கும்தான் அதிகம் உதவும்.

தூங்குவதற்கு ஸ்லீப்பிங் பேக் எடுக்காதீர்கள். நம் கரையோரத்தில் ஆனி மாத இரவில் ஒரு சாரம் போதும். கூடாரத்தில் முக்கியம் நுளம்பு வலையும், அடிவரை இறுகப் பூட்டும் சிப்பும். புடையன் பாம்பு இருக்கும் நிலம் இது. தானாக நிற்கும் கூடாரமாகப் பாருங்கள், கடற்கரை மணலில் ஆணி நிற்காது. கயிறு கட்டத்தான் வேண்டுமென்றால் பையில் மணல் நிரப்பி, அதைக் குழி தோண்டிப் புதைத்து, அதில் கட்டுங்கள். இருவருக்கும் ஒரு கூடாரம், ஒரு பம்ப், ஒரு சட்டி. தண்ணீர் இல்லாமல் ஆளுக்கு 8 கிலோவுக்குள் நிற்கப் பாருங்கள்.

சாகாமம் குளக்கட்டில் ஓடுங்கள், அங்கே தங்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. பொழுது சாயும் நேரம் யானை தண்ணீருக்கு வரும். குளங்களில் முதலையும் உண்டு. நாலரை மணிக்கெல்லாம் ஊருக்குள் வந்து, கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமோ கிராம சேவகரிடமோ கேட்டு மடத்திலோ பள்ளிக்கூட வளவிலோ கூடாரம் போடுங்கள். கேட்டால் இல்லையென்று சொல்லும் ஊர்கள் அல்ல இவை. அங்கேயும் வாழைப்பழம், உப்பு, அரிசி எதையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம், அந்த வாசம் யானையைக் கொண்டுவரும். அப்புறம், குமண தேசியப் பூங்காவின் வாசல் உகந்தையில்தான் இருக்கிறது. சைக்கிள் அந்த வாசலுக்கு வெளியேயே நிற்கட்டும்.

ரயர் 1.95 அல்லது 2.1 அங்குல அகலம். பாரத்தோடு பின்சக்கரத்துக்கு 35 பிஎஸ்ஐ, முன்னுக்கு 30 அளவில் தொடங்குங்கள். மணல் வந்தால் இன்னும் ஐந்தாறு குறைத்து, தார் ஏறியதும் திரும்ப அடியுங்கள். ஆளுக்கு இரண்டு ரியூப். கரையோர மணலில் நெருஞ்சி முள் ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் குத்தும், அதனால் ஒட்டுப் பெட்டியும் வேண்டும். சொலூஷன் பூசியதும் அவசரப்பட்டு ஒட்டைப் போடாதீர்கள். ஈரப் பளபளப்பு போய் மங்கும்வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். ஒட்டு கழல்வது பெரும்பாலும் அந்த அவசரத்தால்தான். கரியருக்கும் போத்தல் கூட்டுக்கும் போகும் போல்ட் அநேகமாக 5 மில்லிமீற்றர்தான். அதில் ஆறு, 4 மில்லிமீற்றர் அலன் கீ ஒன்று, கொஞ்சம் கேபிள் டை. போல்ட்டின் புரியில் நகப்பூச்சு தடவி முறுக்கினால் சீக்கிரம் தளராது.

அடுப்பு உங்கள் விருப்பம். பாணமை வரை கடை இருக்கிறது, நானென்றால் அவலும் சர்க்கரையும் கொண்டுபோவேன்.

போவதற்கு ஒரு கிழமைக்கு முன், எல்லாவற்றையும் கட்டி, தண்ணீரும் நிரப்பி, வாய்க்கால் கட்டு வழியாக ஒரு 20 கிலோமீற்றர் ஓடுங்கள். திரும்பி வந்ததும் சைக்கிளைத் தூக்கி ஒரு சாண் உயரத்தில் இருந்து நிலத்தில் போடுங்கள். எங்கே சத்தம் கேட்கிறதோ அங்கே இன்னொரு வார் போட வேண்டும். பயண நாளில் பாணமையில் நின்று அதே மாதிரி ஒருமுறை போட்டுப் பார்த்து, போல்ட்டுகளை முறுக்கி, ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். அங்கிருந்து உகந்தை பதினைந்து, பதினாறு கிலோமீற்றர். இடையில் நம்பிப் போகக்கூடிய கடை கிடையாது.