மலைநாட்டுக் குளிரில் மீன் வளர்ப்பு: ஹீட்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: மகன் ஆசைப்பட்டான் என்று கண்டியிலிருந்து இரண்டு கோல்ட் ஃபிஷ்ஷும் ஒரு ஃபைட்டரும் வாங்கி வந்தோம். எங்கள் வீடு தலவாக்கலைப் பக்கம், தோட்டத்தில். வட்டக் கண்ணாடிச் சாடிகளில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தடவை பீலித் தண்ணீர் பிடித்து முழுவதும் மாற்றுகிறோம். ஃபைட்டர் சாப்பிடாமல் அடியிலேயே கிடந்து செத்துவிட்டது. பிறகு ஒரு கோல்ட் ஃபிஷ்ஷும் போய்விட்டது. மிச்சமிருப்பதன் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. கடையில் நீல மருந்து தந்து, ஹீட்டரும் வாங்கச் சொன்னார்கள். வாங்க வேண்டுமா?

பதில்: மருந்துப் போத்தலை முதலில் தள்ளி வையுங்கள். மீனைப் பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். புள்ளிகள் செவுள் மூடியிலும், நெஞ்சுத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் வரிசையாக இருக்கின்றனவா? மீன் நன்றாகச் சாப்பிடுகிறதா? அப்படியானால் அது நோயே இல்லை. உங்களிடம் இருப்பது ஆண் மீன், பருவத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். குளிர் விட்டு வெயில் ஏறும் மாதங்களில் இது சாதாரணம்.

உண்மையான வெள்ளைப் புள்ளி நோய் என்றால் வால், முதுகு, துடுப்பு என்று எல்லா இடத்திலும் உப்புத் தூவியது போல் இருக்கும். மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பைத் தேய்க்கும். அது வந்தால் 10 லீட்டருக்கு 20 கிராம் உப்பு, இரண்டு நாளாகப் பிரித்துக் கரைத்து ஊற்றலாம். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது. மருந்தானாலும் உப்பானாலும் கிருமி தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் அதைக் கொல்லும். 25 பாகையில் ஒரு வாரத்துக்குள் முடிகிற அதன் சுற்று, உங்கள் ஊர்க் குளிரில் வாரக்கணக்காக இழுக்கும். அதனால் கொழும்பில் போதுமான நாட்கள் உங்களுக்குப் போதாது. மூன்று, நான்கு வாரமாவது தொடர வேண்டும்.

இனி ஹீட்டர். கோல்ட் ஃபிஷ்ஷுக்கு அது தேவையே இல்லை. அது கெண்டைக் குடும்பத்து மீன். 10 பாகைக் குளிரையும் தாங்கும். மலைநாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மீன் குறைவு. ஃபைட்டர் தாய்லாந்துப் பக்கத்துச் சமவெளி மீன். அதற்கு 24 முதல் 28 பாகை வேண்டும். மார்கழி, தை இரவில் உங்கள் காம்பராவில் தண்ணீர் 15 பாகைக்கு வந்துவிடும். அந்தக் குளிரில் அதற்குச் செரிக்காது, அசையவும் தெம்பிருக்காது. உங்கள் ஃபைட்டர் போனது அநேகமாகக் குளிரால்தான்.

கோல்ட் ஃபிஷ் செத்தது வேறு கதை. சந்தேகம் சாடி மேலும், பீலி வாளி மேலும்தான்.

கோல்ட் ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும். அந்தக் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியா, ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் மெதுவாகத்தான் வளரும். வெப்பமான ஊரிலேயே நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். குளிரில் இன்னும் சுணங்கும். ஃபில்டர் இல்லாத சிறு சாடியில் அதற்கு இடமே இல்லை. தண்ணீரை மொத்தமாக மாற்றினால் கழிவு போகும், சரி. ஆனால் பகலில் யன்னல் வெயிலில் 22 பாகையில் இருந்த மீன், நிமிடத்தில் பீலியின் குளிருக்குள் விழுகிறது. குளிரைத் தாங்குகிற மீனும் இந்தத் திடீர் மாற்றத்தைத் தாங்காது.

பீலித் தண்ணீர் கெட்டதல்ல. குளோரின் இல்லாததால் டவுன் தண்ணீரைவிட நல்லது என்றே சொல்வேன். ஆனால் மண்ணுக்கடியிலிருந்து வருவதால் அதில் கரியமில வாயு அதிகம் இருக்கலாம், சுண்ணாம்புச் சத்து குறைவு. முதல் நாள் மாலையே வாளியில் பிடித்து, மூடாமல், தொட்டி இருக்கும் அறையிலேயே வையுங்கள். விடிவதற்குள் வாயு பெரும்பாலும் போய்விடும், சூடும் தொட்டியோடு ஒத்துவரும். சத்துக்கு, குருவிக் கடையில் விற்கும் கணவாய் ஓட்டைக் கழுவி ஒரு துண்டு ஃபில்டருக்குள் போடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். தேயிலைக்குக் கொப்புள நோய் வரும் மழை, மூடுபனிக் காலத்தில் செப்பு கலந்த மருந்து அடிப்பதுண்டு. செப்பு மீனுக்கு விஷம். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தண்ணீரில் அதன் வேகம் இன்னும் அதிகம். வாளியில் வைத்தால் அது ஆவியாகியும் போகாது. ஆகவே மேலே மருந்து அடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் இரண்டு வாளி முன்கூட்டியே பிடித்து வையுங்கள். அடித்த பிறகு வரும் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

சாடியை விட்டுவிட்டு 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஒன்று வாங்குங்கள். 55 லீட்டர் வரை பிடிக்கும். இப்போதிருக்கும் ஒரு மீனுக்கு ஆரம்பத்துக்குப் போதும். வளர்ந்தால் பெரியது வேண்டிவரும். இஸ்தோப்பும் அடுப்படியும் வேண்டாம்: ஒன்றில் பனி, மற்றதில் புகை. சாதாரண ஸ்பொஞ்ச் ஃபில்டர் போதும். யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்பொஞ்ச் கிடைத்தால், கேட்டு வாங்கிப் போடுங்கள், வாரக்கணக்கு மிச்சம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். முதல் மாதம் மட்டும் வாரம் இரண்டு முறை. குளிர் நாட்களில் தீனி ஒரு வேளை, அதுவும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. நீல மருந்து பெரும்பாலும் மெதிலீன் புளூதான்; அதைத் தொட்டியில் ஊற்றினால் நீங்கள் வளர்க்கும் பக்டீரியாவும் சாகும்.

மகன் ஃபைட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அதற்குத் தனியாக 20 லீட்டர் தொட்டி, கண்ணாடி மூடி, 50 வோட் ஹீட்டர் வேண்டும். 25 வோட் உங்கள் ஊரில் தையில் திணறும். நாளுக்குப் பாதி நேரம் எரிந்தாலும் மாதம் 18 யூனிட் ஆகிவிடும். பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். சூடான கண்ணாடி தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடித்துவிடும். இந்த வேலையைச் சின்னப் பையனிடம் விடாதீர்கள்.