ஆக்சுவரி (காப்பீட்டு இடர்க் கணிப்பாளர்) தேர்வில் எட்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றுதான் கிடைத்தது ஏன்?

மறுகாப்பீட்டைப் பற்றி, அதாவது காப்பீட்டு நிறுவனம் தன் அபாயத்தில் ஒரு பகுதியை இன்னொரு நிறுவனத்திடம் காப்பீடு செய்வதைப் பற்றி, ‘டிஸ்கஸ்’ (விவாதி) என்று கேட்டிருந்தார்கள். நீங்கள் நன்மைகளை மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது ‘டிஸ்கிரைப்’ (விவரி) கேள்விக்கான விடை. ‘டிஸ்கஸ்’ என்றால் பாதகமும் வேண்டும்: பிரீமியச் செலவு, மறுகாப்பீட்டாளர் பணம் தராமல் போகும் அபாயம், கேள்வியில் வரும் நிறுவனத்துக்கு அது பொருந்துமா என்பது.

ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு. அதற்கு மதிப்பெண் ஒருமுறைதான்.

இந்தத் தேர்வை நடத்தும் பிரிட்டிஷ் ஆக்சுவரிகள் அமைப்பான ஐஎஃப்ஓஏ வெளியிட்ட பழைய தேர்வாளர் அறிக்கை (மதிப்பெண் தரத்தக்க கருத்துகளைத் தேர்வு நடத்துபவர்கள் பட்டியலிடுவது) ஒன்றை எடுத்து, அதில் உள்ள ஒரு கேள்விக்கு நீங்கள் எழுதிய விடையில் தனித்தனிக் கருத்துகளை அதோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள். கருத்துக்கு அரை மதிப்பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மதிப்பெண்ணுக்குப் பதினாறு கருத்துகள் தேறுகிறதா? (முதல்முறை எனக்கு ஏழுதான் தேறியது.)

அந்த அறிக்கையை மனப்பாடம் செய்யாதீர்கள். முழு மதிப்பெண்ணுக்குத் தேவையானதைவிட அதிகமான கருத்துகள் அதில் இருக்கும். கணக்குக் கேள்விகளுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. அங்கே படிகளைக் காட்டுவதே முக்கியம்.