சர்க்கஸ் குதிரையின் முகத்தில் புள்ளிகள் தெரிகின்றனவா?

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு, குழந்தைகளுக்கான பழைய பாப்-அப் புத்தகங்களை (திறந்தால் காகிதப் படங்கள் எழுந்து நிற்பவை, அசைபவை) சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஜெர்மன் ஓவியர் லோதர் மெகன்டோர்ஃபரின் சர்க்கஸ் புத்தகம், 1887ஆம் ஆண்டின் முதல் பதிப்பு, புத்தம் புதிதாக இருக்கிறது என்று ஒருவர் விலை பேசுகிறார். நம்பி வாங்கலாமா? என்னிடம் உள்ள, செக் நாட்டு ஓவியர் குபாஷ்டா உருவாக்கிய புத்தகம் ஒன்றில் படத்தை அசைக்க இழுக்கும் பட்டை கிழிந்துவிட்டது. செல்லோடேப் போடலாமா? பேத்தி வேறு தொட்டுப் பார்க்கக் கேட்கிறாள். கொடுக்க மனம் வரவில்லை.

பதில்: "புத்தம் புதிதாக" என்பதுதான் உறுத்துகிறது. அந்தக் காலத்தில் இவை குழந்தைகளின் கையில் கொடுக்கப்பட்ட பொருள்கள். குழந்தை கையில் போன காகிதக் குதிரை நான்கு காலோடு திரும்பி வந்தால் அதிசயம். நல்ல நிலையில் தப்பிய பிரதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்துக்கு 1970களின் இறுதியில் அருமையான மறுபதிப்பு வந்திருக்கிறது. மூலத்தைப் போலவே ஆறு காட்சிகளும் விரிந்து வளைந்து சர்க்கஸ் அரங்காக நிற்கும். தெரியாமலோ தெரிந்தோ அதை மூலம் என்று விற்பவர்கள் உண்டு.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். ஏதாவது ஒரு குதிரையின் முகத்தில் அதை வையுங்கள். வண்ணப் புள்ளிகள் அணிவகுப்புப் போல ஒரே இடைவெளியில் வரிசை கட்டி நின்றால் அது ஆஃப்செட் என்னும் பிற்கால இயந்திர அச்சு. 1887இல் புத்தகங்களுக்கு அது கிடையாது. அன்று கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து அடித்தார்கள். அதில் புள்ளிகள் கையால் வைத்தவை போல ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். நேரில் பார்க்க வழியில்லையென்றால், லென்ஸ் வழியாக எடுத்த படத்தையும் பின்னட்டைப் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். இன்னொன்று: 'பாப்-அப்' என்ற சொல்லைப் புத்தகங்களுக்குப் புழக்கத்தில் கொண்டுவந்தது 1932இல் ப்ளூ ரிப்பன் என்ற நியூயார்க் பதிப்பகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகம் என்று காட்டுவதன் அட்டையில் அந்தச் சொல் இருந்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம்.

செல்லோடேப் வேண்டவே வேண்டாம். நானே அந்தப் பாவத்தைச் செய்தவன். சில ஆண்டுகளில் டேப் உரிந்து வந்துவிட்டது, பசை மட்டும் காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகத் தங்கிவிட்டது. பட்டை நுழையும் பிளவிலும் அந்தப் பசை பிசுபிசுத்ததால் படம் அசையவே இல்லை. கிழிசல் வெளியே தெரியும் இடத்தில் இருந்தால், ஜப்பானிய மெல்லிய காகிதத்தை இழை இழையாகக் கிழித்து, கோதுமை மாச்சத்துப் பசையை மிகக் குறைவாகத் தடவி, பின்புறம் ஒட்டிக் காயவிடுங்கள். பின்னால் ஈரம் காட்டி எடுத்துவிட முடியும் என்பதே இந்தப் பசையின் பெருமை. முதலில் தேவைப்படாத தாளில் இரண்டு மூன்று முறை பழகுங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே உள்ளே அறுந்திருந்தால் பிரித்துப் பார்க்காதீர்கள். குபாஷ்டா கட்டடக்கலை படித்தவர். ஒரு மடிப்பைத் தொட்டால் இன்னொன்று சரியும். பழைய காகிதங்களைச் செப்பனிடுபவரிடம் கொடுங்கள், அல்லது கிழிந்தபடியே விடுங்கள். மோசமாக ஒட்டியதைவிடக் கிழிந்த புத்தகத்துக்கு மதிப்பு அதிகம்.

அலமாரியில் நெருக்கித் திணிக்காதீர்கள், ரப்பர் பேண்டு போடாதீர்கள். அவ்வப்போது திறந்து பாருங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஆள் நடமாட்டம் பிடிக்காது.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். லென்ஸில் வரிசைப் புள்ளிகள் தெரிந்தால் அந்த சர்க்கஸை வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். மறுபதிப்புக்கு உரிய விலைக்குக் கேளுங்கள். கொடுத்தால் வாங்கி வந்து தரையில் விரித்து வைத்து, பேத்தியைக் கூப்பிடுங்கள். குதிரைக்குக் கால் போனால் போகட்டும்.